சுவரில் எந்த ஹனோக்கை மாட்டுவது?

போன மாதம் சுவொன் நகரின் யொங்தொங் பகுதியில் வீடு மாறினோம். கூடத்தில் சோபாவுக்கு மேலே ஒரு வெற்றுச் சுவர். அங்கே ஒரே ஒரு படம் வேண்டும், அதில் கொரியாவின் பழைய கட்டடக்கலையும் (ஹனோக் என்கிற பாரம்பரிய ஓட்டு வீடு மாதிரி) நகரமும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் சண்டை இல்லை. ஏழு வருடம் இங்கே குப்பை கொட்டியாயிற்று, நாளைக்கு ஊர் திரும்பினாலும் கூடவே வருகிற பொருளாக ஒன்று இருக்கட்டும் என்பது எண்ணம். எந்தப் படம் என்பதில்தான் மூன்று வாரம் போனது.

வீட்டுக்காரர் போட்ட நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி முடிவை அதுவே எடுத்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இங்கே வாடகை வீடுகளில் இது சகஜம். இதற்காகவே கடைகளில் 'கொக்கோ பின்' என்று ஒன்று விற்கிறார்கள். சுவருக்கும் அதில் ஒட்டிய வால்பேப்பருக்கும் நடுவே சொருகுகிற சின்னக் கொக்கி. துளை தெரியாது. ஆனால் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் காகிதத்தை உரித்துக்கொண்டு கீழே வந்துவிடும். ஆக, கண்ணாடி போட்ட கனத்த ஃப்ரேம் எதுவும் ஆகாது.

மனைவியின் தேர்வு ஒரு புகைப்படம். சியோலின் புக்சொன் மேட்டில் கஹோ-தொங் சந்து. இருபுறமும் ஓட்டுக் கூரைகள் படிப்படியாக இறங்க, கீழே நகரத்தின் உயரக் கட்டடங்கள், தூரத்தில் நம்சான் கோபுரம். "ஏங்க, இதுலதான் நாம நின்னிருக்கோம். மத்ததெல்லாம் ராஜா நின்ன இடம்" என்றாள். இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அந்தச் சந்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தபோது அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. புக்சொன் என்றால் ஐந்நூறு வருடப் பழமை என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நாம் படத்தில் பார்க்கும் வரிசை வீடுகளில் பெரும்பாலானவை 1930களைச் சேர்ந்தவை. ஜொங் செ-க்வொன் என்ற கட்டுமான வியாபாரி, பழைய பிரபுக்களின் பெரிய மனைகளை வாங்கி, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ஒரே அச்சில் ஹனோக்குகளைக் கட்டி விற்றார். கொரியாவை அப்போது ஆண்ட ஜப்பானியரின் குடியேற்றம் சியோலின் வடபாதிக்குள் பரவத் தொடங்கிய காலம் அது. நடுத்தரக் கொரியக் குடும்பம் வாங்கக்கூடிய, கண்ணாடிக் கதவும் மழைநீர் வடியத் தகரப் பீலியும் வைத்த நகரத்து ஹனோக் அப்படித்தான் பிறந்தது. இதே மனிதர்தான் கொரிய மொழிச் சங்கத்துக்கு ஒரு கட்டடத்தைக் கொடுத்து, அந்த மொழி ஒடுக்கப்பட்ட நாட்களில் அகராதி வேலை நடக்க இடம் தந்தவர். ஆக, 'நகரத்தில் பழைய வீடு' என்று நாம் பார்ப்பது உண்மையில் நகரத்துக்காகவே கட்டிய வீடு. அந்த வகையில், நாங்கள் யோசித்த ஐந்து படங்களில், பழமையும் நகரமும் சேர வேண்டும் என்ற எங்கள் ஆசைக்கு மிக நேர்மையான படம் இதுதான்.

பிறகு ஏன் நான் தயங்கினேன்? அந்தப் படத்தில் வீட்டுக்காரர்கள் இல்லை. எந்தப் புக்சொன் புகைப்படத்திலும் அநேகமாக இருப்பதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் கூட்டத் தொல்லை தாங்காமல் முறையிட்டு, இப்போது அந்தச் சந்துக்குள் சுற்றிப் பார்க்கிறவர்கள் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரைதான் போகலாம். மீறினால் 1,00,000 வொன் அபராதம், 2025 மார்ச் முதல். அதாவது, விடியல் வெளிச்சத்திலும் விளக்கு ஏற்றிய நேரத்திலும் எடுத்த அழகான படங்கள் எல்லாம் இனி அவர்கள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு எடுப்பவை. அதைச் சோபாவுக்கு மேல் மாட்ட எனக்கு என்னவோ போல் இருந்தது. அத்தோடு, இதை நான் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் பார்த்துவிட்டேன்.

என் முதல் தேர்வு ஆன் ஜுங்-சிக் 1915இல் வரைந்த 'பெகாக் சுன்ஹ்யோ'. பெகாக் மலையின் வசந்த விடியல் என்று பொருள். பெகாக் என்பது இன்று புகாக்சான் என்கிற, சியோலின் வடக்கே நிற்கும் மலை. பட்டில் வரைந்த, ஒடுங்கி உயர்ந்த சுருள் ஓவியம். மேலே மலை, நடுவில் பனிமூட்டம், அதற்குள் க்யோங்போக்குங் அரண்மனைக் கூரைகள், கீழே க்வாங்ஹ்வாமுன் வாயில், அதற்கு முன்னால் அகன்ற வீதி. வீதியில் ஒரு ஆள் இல்லை.

அமைதியான படம் என்று முதலில் தோன்றும். ஆண்டைப் பார்த்தால் அந்த அமைதி வேறு மாதிரி ஆகிவிடும். 1915இல்தான் ஜப்பானிய ஆட்சி தன் ஐந்தாம் ஆண்டைக் கொண்டாட அந்த அரண்மனைக்குள்ளேயே ஒரு தொழில் கண்காட்சி நடத்தியது. கொட்டகைகளுக்கு இடம் வேண்டி அரண்மனைக் கட்டடங்கள் பலவற்றைப் பிரித்துப் போட்டார்கள். ஓவியர் கண்ணெதிரே அரண்மனை பல் உதிர்ந்த வாயாகிக்கொண்டிருக்க, படத்தில் அவர் அதை முழுசாக வைத்தார். இன்னொரு வேடிக்கை: இதே தலைப்பில் அதே ஆண்டு இரண்டு படங்கள் வரைந்தார், ஒன்று கோடையில், ஒன்று இலையுதிர் காலத்தில். இரண்டுக்கும் பெயர் வசந்த விடியல். கோடைப் படத்தில் வாயிலுக்கு முன் ஹெதே என்கிற காவல் விலங்குச் சிலைகள் இரண்டு. இலையுதிர் படத்தில் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் மனம் கனக்கும். 1926இல் அரண்மனையின் முன்பகுதியில் ஜப்பானிய ஆட்சித் தலைமையகத்தின் பிரம்மாண்டக் கல் கட்டடம் எழுந்தது. வாயிலைப் பெயர்த்து அரண்மனையின் கிழக்குப் பக்கம் ஒதுக்கினார்கள். கொரியப் போரில் அதன் மர மாடம் எரிந்தது. 1968இல் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். கல் கட்டடத்தை 1995இல் இடிக்கத் தொடங்கி மறு ஆண்டு முடித்தார்கள். 2010இல்தான் மரத்தாலான வாயில் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. அதன் முன்னிருந்த கல் மேடை 2023இல் மறுபடி வந்தது. இன்று அந்த வாயிலுக்கு எதிரே போய் நின்றால் மலை, வாயில், வீதி எல்லாம் ஆன் ஜுங்-சிக் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. நடுவில் பேருந்துகள் மட்டும் கூடுதல்.

பட்டுச் சுருள், எடை குறைவு, கொக்கோ பின் தாங்கும். ஓவியர் 1919இல் இறந்தவர், காப்புரிமைச் சிக்கல் இல்லை. அருங்காட்சியகம் தரும் படத்தை இறக்கி அச்சடிக்கலாம். எல்லாம் பொருந்தி வந்தது. பிரச்சினை சுவரில்தான். எங்கள் சுவர் சோபாவுக்கு மேல் அகலமாக, உயரம் குறைவாக இருக்கிறது. இந்தப் படத்துக்கோ தரையிலிருந்து கூரைவரை நீளும் ஒடுங்கிய சுவர் வேண்டும். சின்னதாக அச்சடித்தால் மலைக்கும் வாயிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பனி, வெறும் அச்சுப் பிழை போல் ஆகிவிடுகிறது. அந்தப் பனிதான் படமே. முன்வாசல் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய சுவர் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதை மாட்டிவிடலாம்.

அகலமான சுவர்தானே, அப்போது 'தொங்க்வொல்தோ' இருக்கிறதே என்றார் அலுவலக நண்பர் ஒருவர். கிழக்கு அரண்மனைகளின் படம் என்று பெயர். 1820களின் பிற்பாதியில் அரசவை ஓவியர்கள் சாங்தொக்குங், சாங்க்யொங்குங் என்ற இரண்டு அரண்மனைகளையும் ஒரே ஓவியமாக, கழுகு பறந்து பார்ப்பது போலச் சாய்வாக வரைந்தது. 16 மடிப்பேடுகளைச் சேர்த்து விரித்தால் அகலம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். கொரியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒன்றும், பூசானில் தொங்கா பல்கலைக்கழகத்தில் ஒன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் பெயர் எழுதியிருக்கும். ஓடு வேய்ந்தது எது, கூரை வேய்ந்தது எது, எந்த முற்றத்தில் மரம், எங்கே மதில், எங்கே சாடிகள் அடுக்கிய மேடை, எல்லாம் உண்டு. எரிந்துபோன கட்டடங்களை மீட்டுக் கட்டியவர்களுக்கு இது வரைபடமாகவே பயன்பட்டது.

இதை நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். ஆனால் எங்கள் வீட்டுக் கூரை உயரமே 2.3 மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால் நான்கில் ஒரு பங்குதான். எழுத்துகள் எறும்பு ஊர்வது போல் ஆகிவிடும். எழுத்து படிக்க முடியாத தொங்க்வொல்தோ, பெயர்ப்பலகை இல்லாத ரயில் நிலையம். இதிலும் ஆள் கிடையாது என்பது இன்னொன்று. அரண்மனை முழுக்கக் காலி, பூட்டாத வீட்டைப் பார்ப்பது போல. ஒரு பகுதியை மட்டும் வெட்டி அச்சடிக்கலாம் என்று யோசித்தபோதுதான் அடுத்த தேர்வுக்கு வழி கிடைத்தது.

நான் வெட்ட நினைத்தது யொன்க்யொங்தாங் என்ற வீடு. அரண்மனைத் தோட்டத்துக்குள் பட்டத்து இளவரசர் ஹ்யோம்யொங் கட்டுவித்த, வண்ணப்பூச்சு இல்லாத, ஒரு பிரபுவின் வீடு போன்ற கட்டடம். தொங்க்வொல்தோவில் அதன் முதல் வடிவம் இருக்கிறது. இன்று நிற்பது பிறகு மாற்றிக் கட்டியது. 1970களில் ஓவியர் சொ செ-ஓக் அந்த வீட்டையே மாதிரியாக வைத்துச் சியோலில் தனக்கு ஒரு ஹனோக் கட்டிக்கொண்டார். சுற்றிலும் கான்கிரீட் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில். அந்த வீட்டில் வளர்ந்த மகன்தான் சொ தோ-ஹோ, இன்று உலகம் அறிந்த சிற்பி.

அவர் அந்த வீட்டை விட்டுவிடவில்லை என்று சொல்வதா, வீடு அவரை விடவில்லை என்று சொல்வதா! 1999இல் அதை அளவெடுத்துப் பச்சை நிறப் பட்டில் முழு அளவில் தைத்தார், மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிற வீடு. 2010இல் லிவர்பூலில் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான சந்தில், வானத்திலிருந்து விழுந்து சிக்கிக்கொண்டது போல் ஒரு ஹனோக்கைச் செருகி வைத்தார். 2018இல் லண்டன் நகரின் நடுவே, லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு அருகே, சாலையைக் கடக்கும் ஒரு பழைய நடைபாலத்தின் மேல் சாய்ந்து விழுந்த மாதிரி ஒரு ஹனோக், அதைச் சுற்றி மூங்கில். கீழே சிவப்புப் பேருந்துகள் போய்க்கொண்டிருக்கும்.

நகரத்துக்குள் கொரிய வீடு என்பதை இவ்வளவு நறுக்கென்று சொன்ன படம் வேறு இல்லை. ஆன் ஜுங்-சிக் நகரத்தைத் துடைத்துவிட்டு அரண்மனையை வைத்தார். இவர் வேறொருவருடைய நகரத்தில் தன் வீட்டைக் கொண்டுபோய் மோத வைத்து நிறுத்துகிறார். வெளியூரில் குடியிருக்கும் எவருக்கும் அந்தச் சாய்வு புரியும். எனக்கும் புரிந்தது, அதுதான் தொல்லை. வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சோபாவில் சாயும்போது 'நீயும் இப்படித்தானே விழுந்து கிடக்கிறாய்' என்று சுவர் என்னிடம் தினமும் சொல்ல வேண்டுமா? அத்தோடு, இவை நேரில் சுற்றி நடந்து பார்க்க வேண்டியவை. நமக்குக் கிடைப்பது அவற்றின் புகைப்படம். சிற்பி இன்றும் இருக்கிறார், காப்புரிமையும் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் விற்கும் போஸ்டரை வாங்கலாமே தவிர, இணையத்தில் எடுத்து நாமே அச்சடிப்பது முறையில்லை. புதிதாக இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகளின் அறைக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன். அவர்களுக்குத் தெம்பு இருக்கிறது.

சியோலின் இன்சாதொங் கடைத்தெருவில் பேனாவும் நீர்வண்ணமும் வைத்து ஓட்டுக் கூரையும் கண்ணாடிக் கட்டடமும் வரைந்து விற்கும் கையளவுப் படங்களையும் பார்த்தோம். நன்றாகவே இருந்தன. சுவர் பெரிது, படம் சின்னது. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று வாங்கி வந்தோம்.

மிஞ்சியது, பக்கத்திலேயே இருந்ததால் நாங்கள் கண்டுகொள்ளாதது. 1795இல் அரசர் ஜொங்ஜோ தன் தாயின் அறுபது நிறைவைக் கொண்டாட சியோலிலிருந்து ஹ்வாசொங்குக்கு, அதாவது எங்கள் சுவொனுக்கு, எட்டு நாள் யாத்திரை வந்து போனார். அதை அரசவை ஓவியர்கள் எட்டு மடிப்புத் திரையாக வரைந்தார்கள். ஹ்வாசொங் நுங்ஹெங்தோ என்பார்கள். ஒரு மடிப்பில் விருந்து, ஒன்றில் முதியோருக்கு உபசாரம், ஒன்றில் ஹான் ஆற்றின் மேல் படகுகளைக் கோத்துப் போட்ட பாலம். திரும்பும் ஊர்வலத்தை வரைந்த மடிப்பில் வேடிக்கை பார்க்கும் ஜனம், தின்பண்டம் விற்பவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள். நம் ஊரில் தேர் பார்க்கக் கூடுகிற கூட்டம்தான், உடை மட்டும் வேறு. மற்ற நான்கு படங்களில் நான் தேடிக் கிடைக்காதது இங்கே கொட்டிக் கிடந்தது: ஆட்கள்.

எங்களை நிறுத்தியது 'சொஜாங்தே யாஜோதோ' என்ற மடிப்பு. சொஜாங்தே என்பது பல்தல் மலை உச்சியில் இருக்கும் படைத்தலைமை மாடம். அங்கிருந்து அரசர் இராப் பயிற்சியைப் பார்வையிட்ட காட்சி. மேலே மலையும் மாடமும், அங்கிருந்து இருபுறமும் இறங்கி வந்து ஊரை வளைக்கும் மதில், வலப்பக்கம் ஜாங்கான்முன் வாயில், இடப்பக்கம் பல்தல்முன், கீழே சாங்யொங்முன். மதில் நெடுகத் தீவட்டிகளோடு வீரர்கள், உள்ளே வீடுகள். அரசரைத் தேடாதீர்கள். இப்படிப்பட்ட ஆவண ஓவியங்களில் அரசரின் உருவத்தை வரைவதில்லை, இருக்கையைக் காலியாக விடுவது வழக்கம். ஊர் இருக்கிறது, ராஜா இல்லை. மனைவி முதல் நாள் சொன்ன ஆட்சேபம் இதனால் அடங்கிப் போனது.

இதை எடைபோட்டபோது கூடச் சேர்ந்த விஷயம், படத்தில் இருப்பதை நடந்து போய்ச் சரிபார்க்கலாம் என்பது. மதில் இன்றும் 5.7 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஊரின் நடுவே ஓடுகிறது. 1794இல் தொடங்கி 1796இல் முடித்தார்கள். கட்டிய கணக்கை, எந்தக் கல் எங்கே, யாருக்கு என்ன கூலி என்பது வரை, படங்களோடு 1801இல் நூலாக அச்சிட்டு வைத்தார்கள். போரில் சிதைந்த பகுதிகளை 1970களில் அந்த நூலை வைத்தே எழுப்பினார்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மதிலுக்குள் இருந்த அரசரின் தங்குமனையின் பெரும்பகுதி ஜப்பானியர் காலத்தில் மருத்துவமனைக்காகப் போனது. அதையும் படிப்படியாகக் கட்டி 2024இல் முடித்தார்கள். பல்தல்முன் மட்டும் இரு பக்க மதிலையும் சாலைக்குக் கொடுத்துவிட்டு, ரவுண்டானா நடுவில் தனியாக நிற்கிறது. சந்தைக்குப் போகும் பேருந்து அதைச் சுற்றித்தான் திரும்பும். வாராவாரம் மீன் வாங்கப் போகும் வழியில் இருப்பதை, 1795இன் ராத்திரியில் தீவட்டியோடு பார்ப்பதற்கு ஈடாக மற்ற நான்கில் எதுவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. இதுவும் உயர்ந்த வடிவம்தான், மூலம் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரம், 65 அகலம். ஆனால் ஆன் ஜுங்-சிக் படம் போல் சுருக்கினால் சாகிற படம் இல்லை. முக்கால் அளவிலும் வீரர்களை எண்ணலாம். பக்கத்தில் ஆற்றுப் பாலத்து மடிப்பையும் சேர்த்து இரண்டாக மாட்டினால் அகலம் சரியாகிவிடும். ஒரே படம் என்ற எங்கள் விதியை இங்கே கொஞ்சம் வளைத்தோம். மூலத்தின் நிறம் மங்கிய தவிட்டு நிறம். வெள்ளைச் சுவரில் முதலில் அழுக்குப் போலத் தெரியும், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

அச்சு விஷயத்தில் கற்றது ஒன்று. பளபளப்புத் தாளில் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் பாதிப் படம் தெரியாது. கேன்வாஸும் வேண்டாம், அந்த நெசவு மெல்லிய தூரிகைக் கோடுகளைத் தின்றுவிடுகிறது. நாங்கள் ஹன்ஜியில், அதாவது இங்கத்து மர நார்க் காகிதத்தில், அச்சடித்து மேலும் கீழும் மெல்லிய மரக்கட்டை வைத்துத் தொங்கவிட்டோம். எடை அரைக் கிலோவைத் தாண்டவில்லை. கோடை மழையில் ஓரம் லேசாகச் சுருளும், குளிர்காலத்தில் தரைச் சூட்டில் காற்று உலர்ந்ததும் தானே நிமிரும் என்றார் கடைக்காரர். ஜூலை வரட்டும், பார்க்கலாம்.

புக்சொன் படத்தை மனைவி விடவில்லை. நாங்கள் இருவரும் நிற்கிற, ஆட்கள் இருக்கிற ஒன்றை எடுத்துப் படுக்கையறையில் வைத்திருக்கிறாள். அது அங்கே சரியாகத்தான் இருக்கிறது.

மாட்டிய அன்று இரவு யொங்தொங் படத்தில் எங்கே வரும் என்று தேடினோம். மேற்கு மேலே, கிழக்கு கீழே. சாங்யொங்முன் கிழக்கு வாயில், அது படத்தின் அடியில் இருக்கிறது. நாங்கள் அதற்கும் கிழக்கே, மதிலுக்கு வெளியே. விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனேன். படம் முடிந்து, மரக்கட்டை முடிந்து, வால்பேப்பரில் ஒரு சாண் இறங்கி, விரல் சோபாவின் முதுகில் வந்து நின்றது.